அடைத்த காற்றுத் துவாரம்

தை மாதம், செவ்வாய் இரவு. அல்பர்ட்ஸ்லுண்ட் நகரம்.

1. இன்று சாந்தி வீட்டில் அடைத்தவை.
2. புறப்படும்போது கேட்டது.
3. காலைவரை பொறுக்கலாம் என்பதற்கான காரணம்.

குளிர் புகும் வீடுகளைத் திருத்தும் எங்கள் தொண்டர் குழு இன்று என்னைச் சாந்தியிடம் அனுப்பியது. அவளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். படுக்கையறை ஜன்னலைச் சுற்றி றப்பர் பட்டி ஒட்டினேன். மேலிருந்த காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாதென்று குழுவில் படிப்பித்திருந்தார்கள். சாந்தியின் மாமியார் விடவில்லை.

"பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சா நீங்களோ தம்பி வந்து மூக்குத் துடைப்பியள்?"

அதையும் அடைத்தேன்.

நான் புறப்படச் சப்பாத்துப் போடும்போது மாமியார் சொன்னார்: "இண்டைக்குச் சாம்பிராணி காட்டிப்போட்டுத் தணல் சட்டியைக் கட்டிலுக்குக் கீழ வைக்கப்போறன். விடியுமட்டும் சூடு போகாது."

"நல்லது" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. தணலிலிருந்து வரும் நச்சுக்காற்று அடைத்த அறையில் தேங்கும்; மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். இரண்டு தரம் போன் எடுத்தேன், பதிலில்லை. நித்திரையாக்கும், பச்சை உடம்புக்காரியை எழுப்பக் கூடாது என்றுதான் மேலே மூன்றாவது குறிப்பை எழுதினேன்.

அந்த மூன்றாவது குறிப்பு பிழை. நித்திரை என்பதுதான் பயமே. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போய்க் கதவை இடிக்கிறேன்.