மைமூன் வீட்டுக்கு வராத இரவு

1964 மே 12, செவ்வாய்

இன்று கைவண்டியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். மகளை ஏற்றி வரும் நாட்களைவிட அதிகக் களைப்பு.

மாதுங்கா பள்ளிக்கூடத்தில் ஊனமுற்றவர்களுக்கு விடுமுறை முகாம் நடக்கிறது. அரிசியும் விறகும் எங்கள் தாராவிக்காரர்கள் கொடுத்தவை. எல்லோரும் இரவிலும் அங்கேயே தங்குகிறார்கள். மைமூனை மட்டும் நான் சாயங்காலமே கூட்டி வந்துவிடுவேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவள் உம்மா மௌத்தாகிக் கண்ணை மூடியதிலிருந்து இரவில் எழுந்து திருப்பி விடுவது நான்தான்.

இன்று போனபோது சுவரில் சாய்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தாள்.

"ராணி இன்னும் விழலை வாப்பா. நீங்க போங்க. நான் இங்கனயே படுத்துக்கிடுதேன்."

"ராத்திரி யாரு திருப்புவா?"

எதிரே ஆடிய சமையல்காரி செல்லம்மா, "நான் இருக்கேன் பாய். முந்நூறு தோசை திருப்புதவளுக்கு உங்க மவளைத் திருப்பத் தெரியாதா?" என்றாள். மைமூன் சிரித்ததில் காய் குறி தவறிப் போனது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இடது பக்கம் ரொம்ப நேரம் கிடக்கக் கூடாது" என்று செல்லம்மாவிடம் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் நான் சொல்லிட்டேன் வாப்பா" என்றாள் மைமூன்.

நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் படுத்தேன். இரண்டு முறை எழுந்துவிட்டேன். அவள் பாய் சுருட்டியபடி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். புதிதாகக் கற்ற எழுத்து, விரல் நோகிறது. ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது. செல்லம்மா அசந்து தூங்கினாலும் மைமூன் கூப்பிட்டு எழுப்புவாள்.

நானும் கொஞ்சம் புரண்டு படுத்துப் பார்க்கிறேன்.