அப்பா படுத்திருக்கும் காட்சி

புதுச்சேரி

அன்பு மகள் கார்குழலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை அலெக்சியும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க செங்கழுநீர் அம்மனை வேண்டுகிறேன். இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், அதைச் சுகம் என்று சொல்லலாமென்றால் சுகம்தான். குளிர் குளிர் என்று சொல்லிப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றாமல் இருக்காதே, நீயும் வயிற்றில் துணி கட்டிக்கொள், அங்கே யார் பார்க்கப்போகிறார்கள். மாப்பிள்ளையின் சித்தி மார்கரீத் அடுத்த வாரம் அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய்.

அப்பா போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கறா என்று உன் அத்தை சரிதா நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் என்ன செய்ய. பால்காரன் வந்தால் பால் வாங்குகிறேன், தண்ணீர் வந்தால் மோட்டார் போடுகிறேன், அப்பாவின் போன் அடித்தால் எடுக்கிறேன். இன்னமும் அடிக்கிறது. கல்யாண சீனுக்கு ஐம்பது பேர் வேணும், ரெண்டு வெள்ளைக்காரங்க வேணும் என்று கேட்கிறார்கள். இறந்துவிட்டார் என்றால் ஐயையோ என்கிறார்கள், அப்புறம் வேற யாராவது ஏஜென்ட் நம்பர் இருக்குமாம்மா என்கிறார்கள். கோபம்கூட வரவில்லை, தேடி எடுத்துக் கொடுக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். சேதராப்பட்டு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன், பீச் பக்கத்துத் தெருவில் ஷூட்டிங் வேடிக்கை பார்க்க நின்றார், கூட்டத்துக்கு ஆள் பத்தவில்லை என்று யாரோ கத்தியதும் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களை வேனோடு கொண்டுவந்து இறக்கினார், அதோடு ஃபேக்டரியை விட்டார். பிறகு ஊரில் எந்தப் படம் எடுத்தாலும் கூட்டத்துக்கு ஆள் கிருஷ்ணசாமிதான் என்று ஆனது. ஒரே ஒரு படம் சொந்தமாகத் தயாரித்தார். தயாரிப்பு என்று அவர் பெயர் திரையில் வந்ததும் நீ சீட் மேல் ஏறி நின்று விசில் அடித்தாய், பக்கத்து சீட்காரன் திட்டினான். படம் ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது. அவர் மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு யாருடைய படத்துக்கோ ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டார். கேட்ட ஆள் கேட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதுதான் அவருக்கு மானம்.

அந்த மானத்துக்காகத்தான் அன்றைக்குப் படுத்தார். அப்பாவின் படத்தில் உதவி இயக்குநராக இருந்த தமிழ்மாறன் இப்போது சொந்தமாகப் படம் எடுக்கிறான் அல்லவா, அதற்கு வீராம்பட்டினத்தில் சாவுக் காட்சி. பிணமாகப் படுக்க அப்பா கூட்டிப்போன பெரியவரை, அவர் மகள் வந்து உயிரோட இருக்கறவருக்கு மாலையா என்று சத்தம் போட்டு ஆட்டோவில் ஏற்றிப் போய்விட்டாள். ஆள் இல்லன்னு ஷூட்டிங் நின்னா எனக்குத்தான் அசிங்கம், நானே படுத்துக்கறேன் என்று அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு, பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் போகும் என்பார்கள். தான் கூட்டிப்போன யாரையும் சிரிக்கவைக்காமல் அப்பா வீட்டுக்கு அனுப்பியதில்லை. தன் முறை வந்தபோது, வெளிச்சம் போவுது அடுத்த ஷாட்டை எடுங்கப்பா, ஏஜென்டுக்கு எதுக்கு அதெல்லாம் என்று மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த மாதம் மாரடைப்பு. சிரிக்காததால்தான் என்கிறாள் சரிதா. பெரிய ஆஸ்பத்திரியில் போன வருஷமே ஆபரேஷன் செய்யச் சொன்னது அவளுக்கும் தெரியும், இவர்தான் அடுத்த படம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்.

தமிழ்மாறன் போன வாரம் வந்தான். அந்த சீனையே தூக்கிடறேன் அண்ணி, உங்க பொண்ணும் போன் பண்ணித் திட்டுச்சி என்றான். அப்பாவைப் பிணமாக ஊருக்குக் காட்டினால் இனி உன்னோடு பேச்சே இல்லை என்று நீ என்னிடமும் சொல்லியிருந்தாய். நானும் தூக்கிவிடு என்று சொல்லத்தான் இருந்தேன், எதற்கும் ஒரு தரம் காட்டு என்றேன். லேப்டாப்பில் போட்டான். பெஞ்சில் கிடத்தியிருக்கிறார்கள், ரோஜா மாலை, நெற்றியில் காசு, எல்லாம் நம் வீட்டில் நான் பார்த்தபடிதான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது அவன், அண்ணன் மூச்சு வுட்டுட்டாரு, வயிறு ஆடுது பாருங்க, அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவோம், தியேட்டர்ல தெரியாது என்று சமாதானம் சொன்னான். இன்னொரு தரம் போடு என்றேன். மூச்சை எப்படி அடக்குவது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், தனக்கு அடக்கத் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தால் ஏறி இறங்குமே, அப்படியே ஏறி இறங்குகிறது.

காட்சி படத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன் கண்ணு. அவர் ஒத்துக்கொண்டு செய்த வேலை, அதை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் என் முடிவு இதுதான், பேசாமல் இருந்துவிடாதே, எனக்கு உன்னை விட்டால் யார். ஊருக்குக் காட்டுவதில் மூச்சை அழித்துக்கொள், அழிக்காததை எனக்குக் கொடு என்று தமிழ்மாறனிடம் கேட்டு வாங்கினேன். நீ பிரசவித்துப் பச்சை உடம்போடு கிடந்தபோது, கடைசியாக அப்பாவை ஒரு போட்டோகூட எடுக்கலியாம்மா என்று போனில் அழுதாய். யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் அழிக்காததைப் பென்டிரைவில் போட்டு, இந்தக் கடிதத்தோடு மார்கரீத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ அப்பாவின் ஆசியும் என் ஆசியும். பார்ப்பதானால் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து பார். முகத்தைப் பார்க்காதே, வயிற்றைப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலைவாணி கிருஷ்ணசாமி