பகலில் எழுந்த புகை

தம்பிக்கு,

நீ நாவலாக எழுதியிருப்பது, போரில் ஆற்றுப் பாலத்தில் குண்டு விழுந்து, ரேஷனில் மாவுக்குப் பதில் தவிடு போட்ட வருஷத்துக் கதை. எனக்கு எழுத்துதான் வராது, ஞாபகம் நன்றாக வரும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உன் நாவலை டி.வி.யில் நாடகமாகப் போடுகிறார்கள். நேற்று பார்த்தேன். பெரியண்ணன் பேக்கரியில் இருட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டுவோம். பகலில் புகை தெரிந்தால் விமானம் வந்துவிடும். அன்று பட்டப்பகலில், "பசிக்குது, ஒரே ஒரு ரொட்டி" என்று மூட்டியவன் நீ. குண்டு விழுந்து பெரியண்ணன் போய்ச் சேர்ந்தார். சின்னப் பிள்ளை, பசியில் செய்துவிட்டான் என்று உன்னை ஒருநாளும் குத்திக்காட்டாதவர் அண்ணி.

நாடகத்தில் அடுப்பை மூட்டுவது அந்த அண்ணி! நீயோ ஓடிவந்து தடுக்கிற உத்தமன். தூ!

அண்ணி என்னோடுதான் இருக்கிறார். இப்போது நினைவு தடுமாறுகிறது. நாடகம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, நானா மூட்டுனேன்? அவரை நானா கொன்னேன்?" என்று அழுதார். "இல்லை அண்ணி" என்றால், "டி.வி.லயே காட்டுறானே" என்கிறார்.

நீயே நேரில் வந்து சொல். அன்று அங்கே இருந்தவர்களில் நம்மைத் தவிர உயிரோடு மிச்சமிருப்பது அண்ணி மட்டும்தான்.

உன் சின்னண்ணன்