இல்லாத வருடம்

ஜூன் 12, சனி.

பாப்பாவின் பெயரை அரிசிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அவள் பிறந்த தேதி என்று நான் கொடுத்த சீட்டில் 1941 என்று இருந்ததுதான் குற்றமாம்.

"அந்த வருசமே இப்பக் கெடையாதும்மா. நாட்டைப் பிடிச்ச ஜப்பான்காரன் கணக்குல 2601. மாத்திப் போட்ருங்க லா," என்றார் பட்டியல் எழுதும் தோட்டத்துக் கிராணி.

"பிள்ளை பொறந்த வருசத்தை எப்படி மாத்துறது?"

"காலேஜு படிச்சவங்க, அறுநூத்தி அறுபது கூட்டத் தெரியாதா? வருசம் வேணுமா, அரிசி வேணுமா?"

வரிசையில் நின்ற கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பாவோ பசியில் என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சீட்டை எழுதியது அவள் அப்பா. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அவரைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து இன்றுவரை அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அவர் கையெழுத்தின் மேலேயே கோடு போட்டு 2601 என்று எழுதினேன். அரிசி கிடைத்தது. பாதி மரவள்ளிக்கிழங்கு கலந்துதான் பொங்க வேண்டும்.

இப்போது தேதி போடும்போது என் கை தானாக 2603 என்று எழுதப் போயிற்று. சீ! 1943 என்று எழுதவும் பயம். யாராவது இந்த நோட்டைப் புரட்டினால்? வருடம் போடாமலே விட்டிருக்கிறேன். அவர் வந்து போடட்டும்.