யமுனையின் வளைவும் உங்கள் பெயரும்

என் பாசத்துக்குரிய அண்ணே,

டெல்லி ரிங் ரோட்டில் அந்த பஸ் உங்களை அடித்துப்போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. வயிறெரிந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஆபீசில் அறிக்கை வந்தது. நவம்பர் சோதனைப் பறப்பில் விமானம் தடம் மாறியதற்கு, தரை அடையாளங்களைத் தேர்ந்தெடுத்த ‘மறைந்த அதிகாரியின் கவனக்குறைவு’ காரணமாம். செத்த மனிதர் வந்து பதில் சொல்லவா போகிறார்? எவ்வளவு சவுகரியமாக உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், பாவிகள்!

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களும் கேட்கட்டும். விமானத்திலுள்ள வழிகாட்டும் கருவி வெளியே எதையும் பார்க்காது. தன் அசைவை வைத்தே இருக்குமிடத்தைக் கணக்கிடும், நேரம் ஆக ஆகப் பிசகும். கீழே ஒரு பாலமோ ரயில் சந்திப்போ வரும்போது விமானி பொத்தானை அழுத்தினால், வரைபடத்தில் அது இருக்குமிடத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த அடையாளமே நகர்ந்திருந்தால்?

அதனால்தான் அடையாளப் பட்டியலில் யமுனையின் வளைவைச் சிவப்பு மையால் அடித்தீர்கள். போன வருஷ வெள்ளத்தில் ஆறு இடம் மாறியிருந்தது. “அரே பாய், நதி கஹாங் ஜாயேகி?” ஆறு எங்கே போய்விடும் என்று டைரக்டர் சிரித்தார். நீங்கள் என் மேசைக்கு வந்து, “யமுனை என்ன கவர்மெண்ட் குவார்ட்டர்ஸா, அலாட் பண்ண எடத்துலயே கெடக்க?” என்று பொரிந்தீர்கள். என்னிடம் பொரிந்து என்ன பிரயோசனம்? ஃபைலில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். டைரக்டர் உங்கள் பட்டியலை என் மேசையில் போட்டார். வளைவையும் சேர்த்து ஃபேர் காப்பி வேண்டும், ஜல்தி என்றார். நான் படம் வரைகிறவள், எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. சேர்த்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில், வழக்கம்போல, முதல் பிரதியில் இருந்த உங்கள் பெயரையே எழுதினேன். ஃபேர் காப்பி ஆனதும் பழைய தாளைக் கிழித்துப் போடுவது எங்கள் செக்‌ஷன் வழக்கம். அதையும் செய்தேன். உங்கள் சிவப்புக் கோட்டைக் கிழித்தது இந்தக் கைதான், அண்ணே. என்னை என்ன செய்தால் தகும்?

அறிக்கையைப் பற்றிச் சொல்ல, கிட்வாய் நகரில் அண்ணியிடம் போனேன். உங்கள் மகள்தான் கேட்டாள். “அத்தே, கல்தி அப்பா கீ தீ க்யா?” தப்பு அப்பாவுடையதா? நான் எழுந்து செருப்பைத் தேடினேன். வெட்கங்கெட்டவள் நான்.

திங்கட்கிழமை அந்த அறிக்கை மேல் விசாரணை. டைரக்டர் சொன்னது, நான் எழுதியது, கிழித்தது எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. வேலை போனால் போகட்டும்.

உங்கள் மகளிடம் மட்டும் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். தட்டிலிருந்த இட்லியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன், திறக்கவில்லை. இனி என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. உங்களைத் தப்பாக நினைக்காமல் இருக்கிறாள், அது போதும்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சரோஜா