நான் பின்னிய டவுசரில் உன் வரிசைகள்

தங்கச்சி,

உன் துணிப்பையைத் திறந்தால் இன்னும் சாத்துக்குடித் தோல் வாசனை அடிக்கிறது. பீரோவை ஒழிக்கும்போது கிடைத்தது என்று பங்குனிக் கடைசியில் உன் மகள் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உள்ளே என் டவுசர். வலது கால் முழுசாக இருந்தது. இடது கால் பாதியில், நூல் கண்ணியில் குரோஷா ஊசி மாட்டியபடியே நின்றிருந்தது. "இன்னா மாமா இது, ஒத்தைக் காலு?" என்று கேட்டாள். உலக வரலாற்றில் ஓர் ஆண்மகன் தனக்குத் தானே பின்னிக்கொண்ட முதல் கோடைகால டவுசர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பையின் காதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றாள், போய்விட்டாள்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க ஒரு தடவை, தெருவில் எவன் ஹாரன் அடிக்கிறான் என்று பார்க்க ஒரு தடவை. மற்ற இரண்டும் எதற்கென்று எனக்கே தெரியாது. என் லட்சணம் உனக்குத் தெரியும்.

போன வருஷம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செஞ்சியில் பஸ் ஏறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போவோம். உனக்கு மருந்து ஏறி முடிய ஐந்து மணி நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கொரு ஸ்டூல். அந்த ஸ்டூலை நான் வெறுத்த அளவுக்கு நம் கோட்டைச் சுவரை அதை முற்றுகையிட்டவர்கள்கூட வெறுத்திருக்க மாட்டார்கள். முதல் நாளே வார்டைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து காசிக்குப் போய்வரும் தூரத்தை முடித்துவிட்டேன்.

"ண்ணா, நீ நடந்து நடந்து தரை தேயுது. கைக்கு எதுனா வேலை குடுத்தாதான் உன் காலு நிக்கும்" என்று நீ பையைத் துழாவினாய். மடத்துச் சிஸ்டரிடம் கற்றுக்கொண்டு மாதா கோயில் பீடத் துணிக்கெல்லாம் ஓரம் பின்னிய அந்தக் கொக்கி ஊசியையும் வெள்ளை நூல் உருண்டையையும் என் கையில் திணித்தாய்.

"இன்னா பின்றது?"

"உனக்கு இன்னா வேணும், சொல்லு."

அப்போதும் இதே கத்திரி வெயில்தான். தமிழ்நாடு முழுவதற்குமான வெயிலை நம் மூன்று மலைகளும் பகலில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ராத்திரியில் என் வீட்டுக்கு மட்டும் சில்லறையில் விற்பதாகவும், காற்றாடுகிற டவுசர் ஒன்று இல்லாவிட்டால் நான் ஆடிக்குள் கருவாடு ஆகிவிடுவேன் என்றும் சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாகூடச் சிரித்தார்கள். "அப்போ உன் டவுசரை நீயே பின்னிக்க" என்றாய்.

இடுப்புச் சுற்றுக்குச் சங்கிலி போடு என்றாய். போட்டேன். கட்டியிருந்த லுங்கிக்கு மேலேயே அளவு பார்த்தேன். லுங்கி மடிப்பில் மூக்குப்பொடி டப்பா, வீட்டுச் சாவி, சுருட்டிய துண்டு எல்லாம் இருந்தன. அவற்றுக்கும் சேர்த்தே சங்கிலி போட்டிருக்கிறேன். அடுத்த தடவை போனபோது பத்து வரிசை முடித்துத் தூக்கிக் காட்டினேன். நீ பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"லுங்கி மேல அளவெடுத்த ஒரே ஆளு நீதான் ண்ணா. உள்ள இன்னொருத்தரு வாடகைக்கு இருக்கலாம்."

நீ சிரித்த சிரிப்பில் மருந்து பாட்டில் மாட்டிய கம்பி ஆடியது. நர்ஸம்மா ஓடிவந்து என்னைத்தான் திட்டினார்கள். பிரித்துப் போட நான் மறுத்தேன். "சரி, நாடா கோத்துக்க" என்று விட்டுவிட்டாய்.

எல்லாம் சிரிப்பாகவே இருந்திருந்தால் இந்த மடலே வேண்டாம். மூன்றாவது மணி நேரத்தில் உனக்குக் குமட்டல் வரும். உதடு வெளுக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று பின்னலைக் கட்டிலில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஒரு டீக்கு ஒன்றரை மணி நேரம். தெருவில் இருந்த கடைப் பலகைகளையெல்லாம் மனப்பாடம் செய்தேன். திரும்பி வந்தால் நீ கண்ணை மூடியிருப்பாய். கோணல்மாணலாக நான் விட்டுப்போன வரிசைகள் அடங்கி ஒழுங்காக இருக்கும். நூலுக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே "நல்லாத்தான் பின்னியிருக்க ண்ணா" என்பாய்.

சாயங்காலம் சிங்கவரத்தில் உங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை உனக்காகக் காத்திருப்பார். மாட்டையும் மல்லாட்டை விதைத்த கொல்லையையும் விட்டு அவரால் வர முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி.

"பக்கத்துலியே இருந்தியா மச்சான்?"

"ஸ்டூலுக்கு வேரே வுட்டுச்சு மாப்ள. ஒரு நிமிஷம் நவுரல."

நீ அங்கேயேதான் நின்றாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கார்த்திகையில் நீ போனாய். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை அதையே சொன்னார்: "நான் போவல. மச்சான்தான் நவுராம குந்தியிருந்தாரு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

இந்தச் சித்திரையில் இடது காலை முடிக்கலாம் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு வலது காலைப் பார்த்தேன். சில வரிசைகளில் கண்ணிகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சிலவற்றில் இடப்பக்கம். நீ பீச்சாங்கைக்காரி. ஆலயத்தில் இருக்கும் உன் பீடத் துணியும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, என் கோணலைப் பிரித்து, இடது கையால் நீ பின்னியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். முப்பது வரிசையில் பத்தொன்பது உன்னுடையது. நான் ஓடிப்போன நேரமெல்லாம் வரிசை வரிசையாக அதில் இருந்தது.

மூன்று நாள் வீட்டுக்கும் தெருவுக்கும் அலைந்தேன். நான்காம் நாள் டவுசரைச் சுருட்டிக்கொண்டு சிங்கவரத்துக்குப் போனேன்.

"மாப்ள, நான் பக்கத்துல இல்ல."

"எப்போ?"

"ஒவ்வொரு தடவையும் ஒன்னரை மணி நேரம். இந்தப் பக்கம் சாஞ்சது பூரா அவ பின்னுனது. நான் கீழ எறங்கி ஓடுன நேரம்."

மண் ஒட்டிய விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒரு வரிசைக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அவ கைக்குக் கால் மணி. மருந்து ஏறுற கையோடன்னா அரை மணி வெச்சிக்க."

"அப்போ கையி வேலை செஞ்சிருக்குது" என்றார். டவுசரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்க சுருண்டு படுத்தே கெடந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். டவுசர் பின்னியிருக்கா" என்றார். நீ போன பிறகு அவர் முகம் இளகியதை அன்றுதான் பார்த்தேன். டவுசரை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"நீ இருந்திருக்கணும் மச்சான்."

"ஆமா."

ஊரையே பேச்சில் கட்டி இழுக்கும் என் வாயில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

இடது காலை நானே முடித்தேன். பாதியில் நின்றதிலும் உன் சாய்வு இல்லை, முப்பது வரிசையும் என் கோணல்தான். நாடா கோத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், காற்று நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு விஷயம். வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் வலது தொடையில் உன் கண்ணிகளின் அச்சு விழுகிறது, சாய்வு மாறாமல், வரிசை வரிசையாக. சீக்கிரம் எழுந்துவிட்டால் விழுவதில்லை. முக்கால் மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது. மறுபடி வந்து உட்காருகிறேன்.