சின்னண்ணனை லாரி அடிக்கவில்லை

2006 மார்ச் 6, திங்கள். பேர்லேண்ட், அமெரிக்கா

மழை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. இட்லிக்கு அரிசி ஊறுகிறது.

செந்திலை இதய டாக்டரிடம் அழைத்துப் போனது சுதா. நானும் காரில் ஏறிக்கொண்டேன். மகனுக்கு ஒன்று என்றால் மருமகளை மட்டும் அனுப்ப முடியுமா?

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் தமிழ்ப் பையன். படம் போட்டுக் காட்டினார்.

"பிரஷர் ஏறினா உள்ளேர்ந்து சுவரை அடிச்சுக்கிட்டே இருக்கும்மா. பிறவியிலயே சுவர் பலமில்லைன்னா கிழிஞ்சிடும். அது வம்சத்துல வரும். உங்கள்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

"எங்க வழியில அப்படி யாருமில்ல தம்பி. எல்லாரும் ஆறடி ஆளுங்க."

செந்தில் சொன்னான்: "சின்ன மாமா போனாரு. அது லாரி ஆக்சிடென்ட்."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மாத்திரை, ஆறு மாதம் கழித்து ஸ்கேன். "ஃபேமிலில அப்படி ஒருத்தர் போயிருந்தா இப்பவே ஆபரேஷன்னு சொல்லுவேன்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7

வெயில். தயிர் உறையவில்லை.

பேத்தி நித்யாவைப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துக்குச் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் என் உயரம். "ஐயாம் த டாலஸ்ட், பாட்டி!" எங்கள் வழி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

சின்னண்ணனுக்கு முப்பத்தாறு. சாப்பிட்டு எழுந்தவர், நெஞ்சிலிருந்து முதுகுவரை கிழிக்கிறது என்றார். டாக்டர் சொன்ன அதே சொல். அரை மணி நேரம், முடிந்தது. மூன்று பெண் பிள்ளைகள். வியாதி வம்சம் என்று பேரானால் எவன் கட்டுவான்? பெரியண்ணன் அன்றைக்கே முடிவு பண்ணினார், லாரி என்று. பிள்ளைகளுக்கும் அதேதான் சொன்னோம். சுதாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பாவிடம் சொன்னது நான். சொல்லிச் சொல்லி லாரியின் நிறம்கூட எனக்குத் தெரியும். பச்சை.

மார்ச் 8

சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். செந்திலுக்கு உப்பு ஆகாது, தப்பித்தேன்.

சுதா துணி மடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம், அத்தை. முந்தாநாள் டாக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. அப்பகூட வாயத் தொறக்கல."

"அண்ணன் பொண்ணுங்க வாழ்க்கைம்மா…"

"அதுங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே! என் புருஷன் வாழ்க்கை? என் பொண்ணு?"

அவள் டாக்டருக்குப் போன் பண்ணினாள். ஆபரேஷன் அடுத்த மாதம். நித்யாவுக்கும் ஸ்கேன், அந்த உயரமே இந்த வியாதிக்கு ஒரு அடையாளமாம், அதுவரை பந்து தொடக்கூடாது. பிள்ளை கதவை அறைந்து சாத்திவிட்டு அழுதது.

செந்தில் கேட்டது ஒன்றுதான். "வலி ரொம்ப இருந்துச்சாம்மா, மாமாவுக்கு?"

மார்ச் 9

பனிமூட்டம். மதுரைக்குப் போன் போட்டு அண்ணன் மகள்கள் மூவருக்கும் சொன்னேன். பெரியவள் நான் பேசும்போதே வைத்துவிட்டாள்.

மதியம் சுதா தாளும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தாள்.

"வேற யாரு? ஒருத்தர் விடாம சொல்லுங்க."

அம்மா. அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது. நான் அஞ்சாம் வகுப்பு. மறுநாளிலிருந்து அடுப்பு என்னுடையது, பள்ளிக்கூடம் போகவில்லை. இதை மறைக்கவில்லை. அம்மாவைப் பற்றி என்று யாரும் கேட்டதில்லை; டாக்டர் கேட்டபோதும் சின்னண்ணன்தான் கண்ணில் நின்றார்.

சுதா எழுதிக்கொண்டாள். வயது கேட்டாள். முப்பது இருக்கும் என்றேன். பேனாவை மூடிவிட்டு, பி.பி. பார்க்கும் பட்டையை எடுத்துவந்து என் கையில் சுற்றினாள்.

"உங்களுக்கும் ஸ்கேன் எடுக்கணும்."

"எனக்கெதுக்குடி, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல…"

"பேசாதீங்க அத்தை. பேசினா ஏறும்."